நாலு மில்லிமீட்டர்

கண்ணாடி முன் நின்று
கீழுதட்டை இழுத்துப் பார்க்கிறேன்.
மற்ற பற்களெல்லாம் கழுத்துவரை பட்டன் போட்டிருக்க
இது மட்டும் சட்டையை அவிழ்த்துவிட்டு நிற்கிறது.
இருபத்தோரு வருஷமாக
விசில் கடித்த பல்.

டாக்டர் நசீமா மெல்லிய கம்பியால் அளந்து
"நாலு" என்றார்.
பக்கத்தில் நின்ற பெண் எழுதிக்கொண்டாள்.
நானும் அப்படித்தான்,
ரெண்டு ஆரணி, ஒரு கண்ணமங்கலம் என்று
அடுத்தவர் போகவேண்டிய தூரத்தை
முகம் பார்க்காமல் கிழித்துக் கொடுப்பவன்.

"விசில் பாதி, பிரஷ் பாதி. வலிக்குதா?"

வலிக்கவில்லை.
ஐஸ் வாட்டர் பட்டால் மட்டும்
உள்ளே யாரோ பெல் கயிற்றைச் சுண்டுகிறார்கள்.

மேலண்ணத்தில் விரல்நகம் அளவு சதை எடுத்து
கீழே வைத்துத் தைப்பார்களாம்.
பிறகு ரெண்டு வாரம்
காரம் கூடாது, சூடாக டீ கூடாது, விசில் கூடவே கூடாது,
ஒட்டியிருக்கா என்று உதட்டை இழுத்துப் பார்க்கவும் கூடாது.
(அதுதான் முடியாது என்னால்.)
பதினெட்டாயிரம்.

"வேணாம்னா என்ன ஆகும் டாக்டர்?"
"இப்படியே நிக்கலாம். இன்னும் இறங்கவும் இறங்கலாம்."

கடைசி வண்டி வருமா என்று கேட்பவர்களுக்கு
பழைய பஸ் ஸ்டாண்டில்
நான் சொல்லும் அதே பதில்.

தேசிங்கு ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"வலிக்காத பல்லுக்கு இன்னாத்துக்கு நைனா கத்தி?
ஆலும் வேலும் பல்லுக்குறுதி. குச்சிய ஒட்ச்சி தேய், சரியாப்பூடும்."
வேலூரில் பிறந்து
வேலங்குச்சியால் தேய்தேய் என்று தேய்த்துத்தான்
பாதி ஈறு ஓடியது என்று
அவரிடம் நான் சொல்லவில்லை.
அவர் வாயில் மொத்தம் பதினொரு பல்.
பதினொன்றும் சிரிக்கும்.

ரேணுகா வேறு வழியில் கணக்குப் போட்டாள்.
"ஃப்ரிட்ஜுக்குச் சேத்தது இருக்கு.
ஃப்ரிட்ஜ் வாங்கினா நீ ஐஸ் வாட்டர் குடிப்ப,
குடிச்சா கூசும்.
அதுக்குப் பல்லையே வாங்கிடு."
சொல்லிவிட்டுப் பானையில் மொண்டு கொடுத்தாள்.
பானைத் தண்ணீருக்கும் கூசியது. காட்டிக்கொள்ளவில்லை.

ராத்திரி டூட்டி முடிந்து விருதம்பட்டு போகும் வழியில்
பாலாற்றுப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தினேன்.
மணல் இறங்கிப்போன ஆறு.
தூண்களுக்கு அடிப்பாகம் தெரிகிறது,
மண்ணுக்குள் இருக்கவேண்டியது,
மேலே இருப்பதைவிட வேறு நிறத்தில்,
கூச்சத்தோடு.
லாரிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.
பாலம் வலிக்கிறது என்று சொன்னதில்லை.
ஏதோ ஒரு வருஷம் சில தூண்களைச் சுற்றி
கான்கிரீட் கொட்டிவிட்டுப் போனார்கள்.
அந்தக் கான்கிரீட்டுக்கு மணல்
எந்த ஆற்றில் எடுத்தது என்று
யாரும் கேட்கவில்லை.

நான் கேட்கலாம்.
நாக்கை மடித்து மேலே தொட்டேன்,
எடுக்கப்போகிற இடத்தை.
கணியம்பாடி என்று சொல்லிப் பார்த்தேன்.
கண்ணமங்கலம்.
ஆரணி.
ஒவ்வொரு 'ண'வுக்கும் நாக்கு
அந்தப் பக்கமாகத்தான் போய் ஒட்டிவிட்டு வருகிறது.
இத்தனை வருஷத்தில் ஒருநாளும்
அது என்னிடம் சில்லறை கேட்டதில்லை.
பாலத்தில் நின்று தனியாக ஊர்ப்பேர் கூவுகிறவனை
ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.
"ஆரணி வண்டி இப்பக் கெடையாதுங்க" என்றார்.

லீவ் லெட்டர் எழுதிவிட்டேன்.
காரணம்: சொந்த வேலை.
எல்லோரும் எழுதுவதுதான்,
ஆனால் இந்தமுறை
எடுப்பதும் சொந்தம், ஒட்டுவதும் சொந்தம்.
தேதி மட்டும் போடவில்லை.
சட்டைப்பையில் டிக்கெட் கட்டோடு கிடக்கிறது.

காலை ஐந்து நாற்பது.
விசிலை வலது கடைவாய்ப் பக்கம் தள்ளி ஊதினேன்.
பாதி காற்றாக, கோணலாக வந்தது.
தேசிங்கு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
இன்னொரு தடவை ஊதச் சொல்வாரோ என்று நினைத்தேன்.
வண்டியை எடுத்துவிட்டார்.